அவர் மூளையின் இரண்டு படங்கள்

என் கணவர் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த அன்று திருச்சியில் நல்ல மழை. விமான நிலையத்திலிருந்து காரைக்காலுக்கு வாடகைக் கார் பிடித்திருந்தோம். ஏறியதும் முதல் வேலையாக நான்கு பக்கக் கண்ணாடிகளையும் இறக்கச் சொன்னார். சாரல் உள்ளே அடித்தது. என் மகள் என் முந்தானைக்குள் ஒடுங்கிக்கொண்டாள்.

"பாய், சீட்டெல்லாம் நனையுது பாய்," என்றார் கார்க்காரர்.

"நனையட்டும்," என்றார் அவர். இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் புதிதாக, வெளிர் சிவப்பாகச் சுருங்கி இருந்தது. அந்தக் கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, மழைத்தண்ணீர் அதில் விழுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அங்கே அவர் பஸ் ஓட்டினார். தொழிலாளர்கள் தங்கும் முகாமிலிருந்து ஆட்களைக் காலையில் கட்டட வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விடும் பஸ். ஒரு நாள் காலையில் பின்னால் வந்த லாரி மோதியதில் பஸ் சாலைத் தடுப்பில் போய் இடித்து நின்றது. தீப்பிடித்துக்கொண்டது. பொத்தானை அழுத்தினால் திறக்கிற கதவு, அன்று திறக்கவில்லை. அவர் டிரைவர் பக்க ஜன்னல் வழியாக வெளியே குதித்து, வெளியிலிருந்து ஜன்னல்களை உடைத்துச் சிலரை இழுத்துப் போட்டார். சிலரை இழுக்க முடியவில்லை. முடியாமல் போனவர்களில் ஒருவர் நம்ம ஊருக்குப் பக்கத்து நெரவிக்காரப் பையன். விவசாயக் குடும்பம். கல்யாணமாகாதவர். தினமும் டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால்தான் உட்காருவாராம். ஊர்ப் பேச்சுப் பேசுவதற்காக.

லாரியின் மேல்தான் தப்பு என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அந்த நாட்டுச் சட்டம் அவரை விட்டுவிட்டது. இவ்வளவுதான் எனக்கு அப்போது தெரியும். இவ்வளவு மட்டும் தெரிந்திருந்தால் போதும் என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு குளியலறைத் தாழ்ப்பாளைத் திருகிக் கழற்றிவிட்டார். வாசல் கதவு பகலில் சாத்தக்கூடாது. சமையலறையில் சிலிண்டரை மாற்றும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம் வருமே, அது கேட்டால் தெருவுக்கு ஓடிவிடுவார். பெருநாளைக்குப் பக்கத்து வீட்டு முற்றத்தில் விறகு மூட்டி பிரியாணி அண்டாவை ஏற்றியபோது, புகை வந்த கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். தேடிப் போனால் கடற்கரைச் சாலையின் கடைசியில், அரசலாறு கடலில் சேருகிற இடத்தில், தண்ணீரில் முழங்கால் வரை நின்றுகொண்டிருந்தார். புதுச் சட்டையெல்லாம் உப்புத்தண்ணீர்.

"மச்சான், வாங்க வீட்டுக்கு."

"புகை போய்ட்டா?"

"போய்ட்டு. அண்டாவ எறக்கியாச்சு."

பொய். எனக்கு வேறு என்ன சொல்ல வரும்?

என் உம்மா அவரை ஓதிப் பார்க்கிறவரிடம் கூட்டிப் போனார்கள். ஓதியவர் தண்ணீர் ஊதிக் கொடுத்து, "சபர் செய்யுங்க தம்பி, பொறுமையா இருங்க," என்றார். உள்ளூர் டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். மாத்திரை அவரைப் படுக்க வைத்தது. படுத்த பிறகு வருவதை அதனால் நிறுத்த முடியவில்லை. வெகு காலம் இப்படியே போனது. கடைசியில் அந்த டாக்டரேதான் சொன்னார், பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார், ஆராய்ச்சியும் செய்கிறார், போய்ப் பாருங்கள் என்று.

போவதே பெரும் பாடு. பஸ்ஸில்தான் போக வேண்டும். அவரோ பஸ்ஸுக்குள் வரமாட்டார். படியிலேயே நின்றார். சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று ஊர்கள் வந்து போகின்றன, கண்டக்டர் திட்டுகிறார், ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் இடிக்கிறார்கள். அவர் கம்பியை இறுகப் பிடித்தபடி நிற்கிறார். நான் முன் சீட்டில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன்.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அவசரப்படுத்தாமல் பேசினார். பெரிய ஆபத்தைக் கண்டவர்களுக்கு மூளையில் சில இடங்கள் மாறிப்போகும் என்றார். உள்ளே பாதாம் பருப்பு அளவில் ஓர் இடம். ஆபத்து வந்தால் கத்துவது அதன் வேலை. அது கத்தினால், நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி, 'சரி, இது வெறும் சிலிண்டர் சத்தம், அடங்கு' என்று அதட்டி அடக்க வேண்டும். இவருக்குக் கத்துவது பலமாகவும் அதட்டுவது பலவீனமாகவும் ஆகியிருக்கும். இன்னோர் இடம் இருக்கிறது, நடந்ததை 'இது அன்றைக்கு, அங்கே' என்று பிரித்து வைக்கிற இடம். அதுவும் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் அன்றைக்கு நடந்தது இவருக்கு இன்றைக்கும் நடக்கிறது.

"இத சரி பண்ண முடியுமா டாக்டர்?"

"பழசை அழிக்க முடியாதும்மா. மேல புதுசா ஒண்ணு கத்துக் கொடுக்கலாம். முடிஞ்சுபோச்சு, இப்ப ஆபத்து இல்லேன்னு. அதைக் கத்துக்கிட்டா மூளையே கொஞ்சம் மாறும். அதைத்தான் நாங்க படம் எடுத்துப் பாக்கறோம். வைத்தியத்துக்கு முன்னாடி ஒரு படம், முடிஞ்ச பிறகு ஒரு படம்."

முதல் படம் எடுப்பதற்குள் எல்லோரும் களைத்துப்போனோம். அந்த இயந்திரம் ஒரு குழாய் மாதிரி. அதற்குள் படுக்க வேண்டும், தலையை அசைக்கக்கூடாது, கண்ணெதிரே வந்து போகும் முகங்களைப் பார்க்க வேண்டும். சில முகங்கள் சாதாரணமானவை, சில பயந்துபோனவை. உள்ளே தள்ளியதுமே கையில் கொடுத்திருந்த மணியை அழுத்திவிட்டார். வெளியே இழுத்தார்கள். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடி போனார், மறுபடி மணி. மூன்றாம் தடவை நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா என்று கேட்டேன். என் வளையல், கம்மல், பர்தாவின் ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டு அனுமதித்தார்கள். தடதடவென்று அந்த இயந்திரம் அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவர் பாதம் என் கைக்குள் நடுங்கியது. ஆனால் மணியை அழுத்தவில்லை.

பிறகு வைத்தியம் தொடங்கியது. வைத்தியம் என்றால் பேச்சுதான். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நடந்தது என்று இல்லை, நடக்கிறது என்று. 'பஸ்ஸை எடுக்கிறேன், வெயில் முகத்தில் அடிக்கிறது' என்று. முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. அதை அவர் போனிலேயே பதிவு செய்து கொடுத்தார்கள். வீட்டுக்குப் போய் தினமும் அந்தப் பதிவை ஒருமுறை முழுதாகக் கேட்க வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தப்பிக்கத்தான் பாப்பார். நீங்கதான் விடாம கேக்க வைக்கணும். உங்க கையிலதான் இருக்கு."

நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறவள். வீட்டுப்பாடம் செய்ய வைப்பது எனக்குத் தெரியும்.

காதில் மாட்டிக் கேட்கும் கருவி அவருக்கு ஆகவில்லை. காதை அடைத்தால் மூச்சும் அடைக்கிறது என்றார். அதனால் போனைச் சத்தமாக வைத்துத்தான் கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஓர் அறை, சமையல்கட்டு. சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும், மகள் டியூஷனுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, போனை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். உம்மா தஸ்பீஹ் மணிமாலையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் எங்கே போவது? ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான்தானே. அறைக்கதவின் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன், அல்லது நோட்டுத் திருத்துவேன்.

பஸ்ஸை எடுக்கிறேன். வெயில் முகத்தில் அடிக்கிறது. தம்பி பின்னாடி உக்காந்துருக்கான். எங்க ஊர்ல இப்ப நாத்து விட்டுருப்பாங்க பாய்ங்கறான்.

அப்படித்தான் தொடங்கும். முதல் சில வாரங்கள் பாதியில் நிறுத்திவிடுவார். நான் எழுந்து போய் மறுபடி ஓட விடுவேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எதிரியும் பார்க்கக்கூடாது. "வேணாம்," என்பார். "டாக்டரம்மா சொல்லியிருக்காங்க மச்சான்," என்பேன்.

ஒவ்வொரு முறை பாண்டிச்சேரி போய் வரும்போதும் புதிய பதிவு வரும். புதியதில் முன்னே சொல்லாத ஒன்று கூடியிருக்கும். நெரவிக்காரத் தம்பியின் கால் சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது ஒரு பதிவில் வந்தது. ஜன்னல் வழியாக அவர் கைகளைப் பிடித்து இழுத்தது அடுத்ததில். அதற்கு அடுத்ததில், அந்தத் தம்பி கடைசியில் கத்தவில்லை என்பது வந்தது. "பாய், கைய விட்டுருங்க, உங்க கையும் போய்டும்," என்று சாதாரணமான குரலில் சொல்லியிருக்கிறார். என் கணவர் விடவில்லை. கை தானாகத்தான் விட்டது. ஏன் விட்டது என்பதும் ஒரு பதிவில் வந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

வைத்தியம் பலித்தது. அதை மறைத்துச் சொன்னால் நான் பொய் சொன்னவளாவேன். முதலில் பதிவை முழுதாகக் கேட்டார். பிறகு கேட்கும்போது கை நடுங்காமல் இருந்தது. ஒரு நாள் பாண்டிச்சேரி பஸ்ஸில் படியிலிருந்து உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர், "அப்பாடா, இன்னைக்குத்தான் பாய் உக்காந்தாரு," என்றார், பஸ்ஸே சிரித்தது, அவரும் சிரித்தார். குளியலறைக்குத் தாழ்ப்பாளை அவரே வாங்கிவந்து பொருத்தினார். சிலிண்டரைத் தானே மாற்றினார். மகளை வண்டியில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். கடைசிப் பதிவுகளில் அவர் குரல், மார்க்கெட்டுக்குப் போய் வந்ததைச் சொல்கிற குரலாக ஆகியிருந்தது. பக்கத்தில் போனில் அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கொட்டாவி விட்டார்.

"அதான் வேணும்," என்றார் டாக்டரம்மா. "போரடிக்கணும்."

எனக்குப் போரடிக்கவில்லை. அவருக்குத் தன் குரல்தான் கேட்டது. அவர் அங்கே இருந்தவர். முடிவு வரை போய்த் திரும்பியவர். நான் போனதில்லை. எனக்கு அந்தச் சாலை தெரியாது, அந்த வெயில் தெரியாது. அதனால் நானே எல்லாவற்றையும் உண்டாக்கிக்கொண்டேன். என் பஸ்ஸில் நெரவிக்காரத் தம்பிக்கு முகம் இல்லை. சில நாள் என் மகளின் முகம் இருந்தது. வெங்காயம் உரிக்கும்போது கண் எரிவது எதனால் என்று யாரும் கேட்கப்போவதில்லை என்பது மட்டும் வசதியாக இருந்தது.

வைத்தியத்தின் கடைசிப் பகுதி, இதுவரை போகப் பயந்த இடங்களுக்குப் போய் வருவது. டாக்டரம்மா கேட்டபோது அவரே சொன்னார்: நெரவி. அந்தத் தம்பியின் வீடு. காரைக்காலிலிருந்து கூப்பிடு தூரம், இத்தனை காலமும் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பியதில்லை.

அறுவடை முடிந்து வயலெல்லாம் தாளாக நின்ற நேரம். வண்டியில் போனோம். அந்தத் தம்பியின் அப்பா வாசலில் நின்று, "வாங்க, வாங்க," என்றார், உள்ளே காட்டிவிட்டு, "தண்ணி பாக்கணும்," என்று போய்விட்டார். அறுவடை முடிந்த வயலில் பார்ப்பதற்கு என்ன தண்ணீர்? அம்மா ஒரு நாற்காலியை இவருக்கு இழுத்துப் போட்டார்கள். என்னைப் பாயில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள். டீ வந்தது. சுவரில் போட்டோ. அப்போதுதான் முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தேன். மீசை சரியாக வளராத முகம், காது கொஞ்சம் பெரிது. இனி அந்தத் தம்பி என் பஸ்ஸில் இந்த முகத்தோடுதான் வருவார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"தம்பி," என்றார்கள் அம்மா. "எம்புள்ளயோட கடைசில நீங்கதான் இருந்தீங்களாம். கம்பெனிக்காரங்க ஒண்ணும் சொல்லல. பொட்டிய மூடித்தான் கொடுத்தாங்க. என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

அவர் சொன்னார். முழுதாகச் சொன்னார், தாயிடம் சொல்லக்கூடாத ஒன்றை மட்டும் விட்டுவிட்டு. முதலிலிருந்து, வரிசையாக, எங்கும் தடுக்காமல். வெயில், நாற்று, சத்தம், கதவு, கால், கை. நடுங்கவில்லை. குரல் உடையவில்லை. நடுவில் டீயை எடுத்து ஒரு வாய் குடித்துக்கொண்டார். எத்தனையோ மாதம் உழைத்துக் கற்றுக்கொண்ட பாடத்தை அவர் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியாது.

முடித்ததும் அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்லாம சொல்றீங்களே தம்பி," என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டார்கள்.

அவர், "இல்லம்மா, வைத்தியம்..." என்று ஆரம்பித்தார். அதை எப்படி முடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்? நான் அழுதுகொண்டிருந்தேன். எப்போது தொடங்கினேன் என்று தெரியாது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்கள், என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அவரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. போகும்போது என் போன் நம்பரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது அவர் பாலத்தில் வண்டியை நிறுத்தினார். "எனக்கு அழுவ வரலியே," என்றார். "நான் என்ன செய்ய? போனதுக்கு அப்புறம் மனசு லேசாத்தான் இருக்கு. லேசா இருக்கறது தப்பா?"

"தப்பில்ல மச்சான்."

அது பொய்யில்லை. தப்பில்லைதான்.

இரண்டாவது படம் எடுக்க அவர் ஒரே தடவையில் உள்ளே போனார். அவர் காலை நான் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தடதடவென்று இயந்திரம் அடிக்க ஆரம்பித்ததும் எழுந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்று வாசலில் நின்றபோதுதான் யோசித்தேன்.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சாம்பல் நிற மூளை, அதில் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுகள். முதல் படத்தில் பாதாம் பருப்பு இடம் பளீரென்று இருந்தது. இரண்டாவதில் மங்கியிருந்தது. நெற்றிக்குப் பின்னால் முன்பு ஒன்றுமில்லாத இடத்தில் இப்போது கொஞ்சம் வெளிச்சம்.

"ஒரே ஒருத்தரோட படத்தை வெச்சு அடிச்சுச் சொல்லக்கூடாது. நிறையப் பேரைச் சேர்த்துப் பாத்தாத்தான் தெரியும். ஆனா இவர் சொல்றதும் படம் சொல்றதும் ஒத்துப்போகுது," என்றார். முகத்தில் சந்தோஷம். உண்மையான சந்தோஷம். என் கணவர் தன் மூளையைக் குனிந்து பார்த்தார், மகளின் மதிப்பெண் அட்டையைப் பார்க்கிற மாதிரி.

அவர் மருந்து வாங்கப் போன நேரத்தில் நான் கேட்டேன்: "டாக்டர், கேட்டுக்கிட்டே இருந்தவங்களுக்கும் இப்படி ஆவுமா?"

டாக்டரம்மா கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "என்ன கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

சொன்னேன். காதில் மாட்டுவது ஆகாததை, ஜன்னல் மேடையை, வெங்காயத்தை. கதவு மூடியிருந்தால் வகுப்பறைக்குள் போக முடியாமல் ஆகிவிட்டதை. பிறகு, "நான் கேட்டிருக்கணும்," என்றார். "நீங்க எங்க உக்காந்திருக்கீங்கன்னு நான் கேக்கவே இல்லையே." பிறகு, காதால் கேட்டதுகூட மூளைக்கு நேரில் நடந்த மாதிரிதான், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, வாருங்கள், உங்களுக்கும் பார்க்கலாம் என்றார். நல்ல மனுஷி. அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை.

ஆனால் அதற்குள் இவருக்கு விசா வந்துவிட்டது.

வேறு ஊர், வேறு கம்பெனி, அதே வேலை. தொழிலாளர்களை ஏற்றிப் போகிற பஸ். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். இங்கே சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியாது, வீட்டாலும் முடியாது. அதைவிட முக்கியம், அவருக்கு ஆசையாக இருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்து எத்தனை நாளாயிற்று என்று கையைப் பிசைந்துகொண்டு சொன்னார். அந்தச் சிவந்த கையை.

"வேணாம் மச்சான். இங்கயே ஏதாச்சும் பாத்துக்கலாம்."

"பயமா இருக்கா ஒனக்கு?"

"ஆமா."

"எனக்கே போய்ட்டு. ஒனக்கு என்ன?" என்றார், சிரித்துக்கொண்டு. அவருக்குப் புரியவில்லை. புரிய வைத்தால் போகமாட்டார். போகாவிட்டால் என்னைப் பார்த்துப் பார்த்து அவருக்கு மறுபடி எல்லாம் திரும்பி வந்துவிடுமோ என்று பயந்தேன். எல்லோரும் சேர்ந்து இவ்வளவு பாடுபட்டு மங்க வைத்த இடம். அதனால் சொல்லாமல் விட்டேன். திருச்சிக்குப் போகிற காரில் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போடச் சொன்னார். நான் வாசலிலேயே விடைபெற்றுக்கொண்டேன், தலைவலி என்று.

பள்ளிக்கூடத்தில் சில வாரம் கழித்து நடந்தது இது. மழை அடிக்கிறதென்று ஒரு பிள்ளை வகுப்புக் கதவைச் சாத்தியது. மழையில் ஊறிய கதவு இறுகிக்கொண்டது. நான் இழுத்தேன், திறக்கவில்லை. அதன் பிறகு நடந்ததை மற்ற டீச்சர்கள் சொல்லித்தான் அறிந்தேன். பிள்ளைகளையெல்லாம் பெஞ்சில் ஏறி ஜன்னல் பக்கம் போகச் சொல்லிக் கத்தியிருக்கிறேன். பிள்ளைகள் பயந்து அழுதிருக்கின்றன. வெளியிலிருந்து ஆயா ஒரு தள்ளுத் தள்ளினதும் கதவு திறந்துகொண்டது.

தலைமையாசிரியை மரியாதையாகத்தான் பேசினார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க டீச்சர்." அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

பாண்டிச்சேரிக்குப் போனேன். தனியாக, பஸ்ஸில். படியில் நிற்கப் பெண்களை விடமாட்டார்கள். டாக்டரம்மா என்னைக் கண்ணை மூடிச் சொல்லச் சொன்னார். "பஸ்ஸை எடுக்கிறேன்," என்று தொடங்கினேன். கண்ணைத் திறந்து பார்த்தால் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று நான்கு முறை போயிருப்பேன். ஒரு நாள் அவரே மறைக்காமல் சொன்னார்:

"இந்த வைத்தியத்துல நான் உங்க மூளைக்குச் சொல்லித்தர வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அது முடிஞ்சுபோச்சு, இப்ப ஆபத்து இல்லேன்னு. உங்க கணவருக்கு அது நெஜம். அதனால கத்துக்கிட்டார். ஆனா அவர் இன்னைக்குக் காலைலயும் அதே மாதிரி ஒரு பஸ்ஸை எடுத்துருப்பார் இல்லையா? முடிஞ்சுபோச்சுன்னு நான் சொன்னா நீங்க நம்புவீங்களா?"

"நம்பமாட்டேன் டாக்டர்."

"நான்கூட நம்பமாட்டேன்," என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேறு வழிகளும் இருக்கின்றன, மெல்லப் பார்க்கலாம், வந்துகொண்டிருங்கள் என்றார். அதற்குள் உம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார்கள். மகளுக்குப் பத்தாம் வகுப்பு. போகவில்லை. டாக்டரம்மா ஒரு தடவை போன் செய்தார். வருகிறேன் என்றேன். போகமாட்டேன் என்று இருவருக்கும் தெரியும்.

அவர் தினமும் வேலை முடிந்ததும் வீடியோவில் பேசுகிறார். உடம்பு தேறியிருக்கிறது, முகம் தெளிந்திருக்கிறது. அங்கே என்ன சமைத்தார், யார் புதிதாக வந்திருக்கிறார் என்று சொல்லுவார். "நீ நல்லா இருக்கியா?" என்பார். நல்லா இருக்கேன் என்பேன். அவர் பேச வரும் நேரம் கொஞ்சம் தள்ளிப்போனால், அவர் வரும்வரை நான் எந்த அறையில் இருந்தேன், என்ன செய்தேன் என்பது எனக்கு நினைவிருப்பதில்லை. மகள்தான் பார்த்துக்கொள்கிறாள். இப்போதெல்லாம் என்னிடம் பேசுவதற்கு முன்னால் தூரத்திலிருந்தே, "ம்மா, நாந்தான்," என்று குரல் கொடுத்துவிட்டு வருகிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

நெரவியிலிருந்து அந்த அம்மா அவ்வப்போது கூப்பிடுவார்கள். வந்துட்டுப் போம்மா என்று. முதல் தடவை எதற்கென்று தெரியாமல் போனேன். பாயில் உட்கார வைத்து, "நீ சொல்லும்மா," என்றார்கள்.

"எனக்கு என்னம்மா தெரியும், நான் அங்க இல்லியே."

"ஒனக்குத் தெரியும். அன்னைக்கு ஒம் மொகத்தப் பாத்தேன். அவரு சொன்னா எம்புள்ள செத்துப்போய்ட்டான். நீ சொன்னா இன்னம் அங்க உக்காந்துருக்கான்."

சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர்களும் அழுதார்கள். அழுது முடித்ததும் எனக்குச் சோறு போட்டார்கள். இது ஆகாது, என்னையும் கெடுக்கிறது, அவர்களையும் கெடுக்கிறது என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மாவிடம் சொல்லியிருந்தால் தடுத்திருப்பார், அதனாலேயே சொல்லவில்லை. பெற்றவள் கூப்பிட்டுக் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன வாரமும் போனேன். வெளியே நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். அப்பா வழக்கம்போல வயலுக்குப் போய்விட்டார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன், வெயில், நாற்று, சத்தம். அன்று உடம்புக்கு முடியவில்லை, சீக்கிரம் முடித்துவிட வேண்டுமென்று இருந்தது.

அம்மா என் முழங்கையைத் தொட்டார்கள்.

"நடுவுல ஒண்ண விட்டுட்டியேம்மா," என்றார்கள். "சீட்டு கம்பில கால் மாட்டுனப்ப, அவன் ஒங்க வீட்டுக்காரரப் பாத்துத் தலைய ஆட்டுனான்ல. அத விட்டுட்ட."

அப்படி ஒன்று எந்தப் பதிவிலும் இல்லை. அவர் சொல்லவில்லை, நானும் சொன்னதில்லை. அந்த அம்மாவே, என்னைப் போல, பார்த்திருக்கிறார்கள்.

"ஆமாம்மா," என்றேன். "விட்டுட்டேன்." அதையும் சேர்த்து, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.